ஒரு தோற்பைத் தண்ணீர்

பங்குத் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை, புதிய தேருக்கு நன்கொடை அளித்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அது 2015ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை; தொடர்புடையவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் தேர்ச் செலவுக்காக 1,50,000 ரூபாய் தந்திருந்தார். அவ்வாண்டு பங்கிற்கு வந்த காணிக்கைகளுள் அதுவே பெரியது. ஒலிபெருக்கியில் அவர் பெயரை நானே அறிவித்தேன். பொன்னாடையையும் நானே போர்த்தினேன். மக்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, சக்ரீஸ்து வாசலில் அவருடைய முன்னாள் மனைவி வந்து நின்றார். பத்து வயது மகள் கோவில் முற்றத்தில் காத்திருந்தாள்.

"சாமி, தேருக்கு அவர் கொடுத்த பணத்துக்கு ரசீது போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா. ஏன் கேக்கிறீங்க?"

"அதுல பாதிக்கு மேல எங்க ரெண்டு பேரோடது சாமி. எம் பொண்ணு பேரையும் ரசீதுல ஒரு ஓரமாப் போட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்து நடந்துவிட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

அவர் சொன்ன கணக்கு சரியானது. நீதிமன்றம் மனைவிக்கு மாதம் 4,000 ரூபாயும் மகளுக்கு 3,000 ரூபாயும் ஜீவனாம்சமாக வழங்க ஆணையிட்டிருந்தது. சில மாதங்கள் பணம் வந்தது, பின்னர் நின்றுபோனது. திருவிழா நடந்த நாளில் நிலுவை பதினான்கு மாதங்கள், அதாவது 98,000 ரூபாய்.

ஆனால் அன்றிரவு நான் போட்ட கணக்கு வேறு. அப்பெண் முதன்முதலில் என்னிடம் வந்தது 2010ஆம் ஆண்டில். கணவர் பணம் அனுப்புவதில்லை, பேசுவதுமில்லை. நீதிமன்றத்திற்குப் போகலாமா என்று கேட்டார். "பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா. வழக்கு என்று போனால் குடும்பம் சேராது. செபியுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என் சொல்லைக் கேட்டார். இரண்டு ஆண்டுகள் தையல் இயந்திரத்தை மிதித்துக் காத்திருந்தார். 2012இல்தான் மனுச் செய்தார். நீதிமன்றம் எவ்வளவு இரக்கம் காட்டினாலும், மனுச் செய்த நாளுக்கு முன்னே சென்று ஜீவனாம்சம் வழங்குவதில்லை. ஆகவே என் அறிவுரையின் விலை இருபத்துநான்கு மாதங்கள். மாதம் 7,000 வீதம் 1,68,000 ரூபாய். அந்த மனிதர் தேருக்குத் தந்த தொகையைவிட, நான் அப்பெண்ணுக்கு இழப்பித்த தொகை பெரியது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கணக்கே.

பங்கா, பிச்சையா?

ஜீவனாம்சம் என்னும் வடமொழிச் சொல்லை நம் மக்கள் அன்றாடம் வழங்குகிறார்கள். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஜீவனம் என்பது பிழைப்பு. அம்சம் என்பது பங்கு. பிழைப்பதற்குரிய பங்கு என்பதே அச்சொல்லின் பொருள். பங்கு என்றால் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்துக் கூடவும் குறையவும் கூடியதைப் பங்கு என்று சொல்வதில்லை.

ஆயினும் நம் இல்லங்களில் இச்சொல் எப்படி ஒலிக்கிறது? கணவர் வீட்டார் அதனை அபராதம் என்கிறார்கள். பெண் வீட்டாருள் சிலர் அதனை நட்ட ஈடு என்கிறார்கள். ஊரார் அதனை ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குப் போடும் பிச்சை என்று பேசுகிறார்கள்; அதனாலேயே மானமுள்ள பெண்கள் பலர் "அவன் காசு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அபராதம் என்றால் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். நட்ட ஈடு என்றால் ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். பிச்சை என்றால் மனம் இருந்தால் போடலாம். இம்மூன்றில் எதுவாயினும் அது தவறினால் மனச்சான்று பெரிதாக உறுத்தாது. ஆனால் அது கடன் என்றால், நீதியின்படி பிறருக்குச் சேரவேண்டிய பொருள் என்றால், அதனைக் கொடாமல் வைத்திருப்பது பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பதாகும். குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸின் இறையியலில் நீதி என்பதே அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதி. கொடுக்கவேண்டிய கடனைக் காலந்தாழ்த்துவதும் பிறர் பொருளை வைத்திருப்பதே என்று அவர் கற்பிக்கிறார். இத்தனையும் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற நான், அப்பெண் வந்து நின்றபோது அவருடைய கேள்வியை நீதியின் கேள்வியாகக் கேட்கவில்லை. குடும்ப ஒற்றுமையின் கேள்வியாகவே கேட்டேன்.

பாலைநிலத்தில் ஆகார்

தொடக்கநூலின் 21ஆம் அதிகாரத்தை நாம் ஈசாக்கின் பிறப்புக்காகவும் விருந்துக்காகவும் நினைவுகூர்கிறோம். அதே அதிகாரத்தில், மகனோடு வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண்ணும் இருக்கிறாள். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் எடுத்து, ஆகாரின் தோளில் வைத்து, சிறுவனையும் ஒப்படைத்து அனுப்பிவிடுகிறார். இதே ஆபிரகாம் கால்நடையும் வெள்ளியும் பொன்னும் மிகுதியாக உடைய பெருஞ்செல்வர் என்பதை அந்நூலின் 13ஆம் அதிகாரம் முன்னமே கூறிவிட்டது.

அவரை நியாயந்தீர்க்க எனக்கு உரிமை இல்லை. மகனை அனுப்புவது அவருக்குப் பெரும் துயரமாய் இருந்தது என்று மறைநூலே சொல்கிறது; சாராவின் சொல்லைக் கேட்கும்படி கடவுளே அவரிடம் கூறினார் என்றும் சொல்கிறது. எனினும் எவ்வளவு அப்பம், எவ்வளவு தண்ணீர் என்று கடவுள் அளவு குறித்ததாக அங்கே எழுதப்படவில்லை. தோற்பையின் அளவு மனிதனுடையது.

தண்ணீர் தீர்ந்துபோகிறது. எல்லாத் தோற்பைகளும் தீர்ந்துபோகக் கூடியவையே. மகனின் சாவைக் காண மனமின்றி, தாய் அவனை ஒரு புதரடியில் விட்டுவிட்டு அம்பு பாயும் தொலைவில் போய் அமர்கிறாள். அப்போது கடவுள் சிறுவனின் குரலைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. அழுதவள் தாய்; கேட்கப்பட்டதோ பிள்ளையின் குரல். இஸ்மயேல் என்ற பெயருக்கே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான் பொருள். பெரியவர்களுக்கிடையே யார் சரி, யார் தவறு என்னும் வழக்கு ஓய்வதற்கு முன்னரே பிள்ளையின் தேவை கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் ஆகாருக்குக் காட்டியது மற்றொரு தோற்பையை அன்று, ஒரு கிணற்றை. பிள்ளை வளரும் காலமெல்லாம் வற்றாதிருக்க வேண்டிய ஒன்று.

கைவிடப்பட்ட பெண்ணின் பங்கு மோசேயின் சட்டத்திலும் மறக்கப்படவில்லை. அடிமையாக வந்தவளை மணந்த ஒருவன் வேறொருத்தியைக் கொண்டாலும், முன்னவளின் உணவையும் உடையையும் மண உரிமையையும் குறைக்கலாகாது என விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. உரிமைகள் மிகக் குறைந்த ஒரு பெண்ணுக்கே இது விதி என்றால், பீடத்தின்முன் வாக்குக் கொடுத்துக் கைப்பிடித்தவளுக்கு எவ்வளவு?

நாட்டின் சட்டம் நடந்த தொலைவு

நம் இல்லறத்தார் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

இந்தியக் கிறிஸ்தவர்களின் மணமுறிவுக்குரிய சட்டம் 1869ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 36ஆம் பிரிவு வழக்கு நடக்கும் காலத்து ஜீவனாம்சத்தையும், 37ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தையும், அவற்றை அடுத்து வரும் பிரிவுகள் பிள்ளைகளின் பராமரிப்பையும் கல்வியையும் பற்றியவை. இடைக்கால ஜீவனாம்சம், கணவனின் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அச்சட்டம் எல்லை கட்டியிருந்தது. அந்த எல்லை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்கவேண்டும் என்ற விதியும் அப்போது சேர்ந்தது.

மணமுறிவு கோராமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு எல்லா மதத்தவருக்கும் பொதுவாய் இருந்தது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் தொடங்கி அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மனைவி, மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாதவள், வயது வராத பிள்ளை, முதிய பெற்றோர் ஆகியோரை அது காக்கிறது. பிள்ளை முறையான மணத்தில் பிறந்ததா என்று அது கேட்பதில்லை. மனைவியின் உரிமைக்குச் சில தடைகளை வைத்திருக்கும் அச்சட்டம், தாயின் நடத்தையைக் காட்டிப் பிள்ளையின் உரிமையை மறுக்க ஒரு வழியும் வைக்கவில்லை. தாய் தந்தையரின் வழக்கில் பிள்ளை ஒரு தரப்பு அன்று என்னும் அறவுணர்வு அதில் இருக்கிறது.

1973ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது மாதம் 500 ரூபாய்க்கு மேல் வழங்கக்கூடாது என்றிருந்தது. அரிசி விலை ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது. அந்த 500 மட்டும் ஏறவில்லை. 2001ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் அந்த வரம்பை நீக்கியது. அதுவும் ஒரு தோற்பைதான். அளந்தவர்கள் சட்டம் செய்தவர்கள்.

ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே வழங்கப்பட வேண்டும் என்றும், இரு தரப்பாரும் தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உண்மையாகப் பிரமாணப் பத்திரத்தில் கூற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில், நாடு முழுவதற்கும் நெறி வகுத்தது. கணவர் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் மனைவி தேவையைக் கூட்டிச் சொல்வதும் நீதிமன்றங்களின் அன்றாட அனுபவமாகிவிட்டதே அதற்குக் காரணம். பத்திரத்தில் கையொப்பமிடுகிறவர் கடவுளின் பெயரால் உறுதி கூறுகிறார் என்பதைக் கத்தோலிக்கர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

ஆணை பெற்றபின்னும் விழிப்பு வேண்டும். கொடாத ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுச் செய்யாவிட்டால், அந்த நிலுவைக்காக இவ்வழியில் பிடியாணை பெற முடியாது. பொறுமையாக இருக்கும் பெண்ணிடமிருந்து சட்டம் மாதம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போகிறது. "பொறுத்திருங்கள்" என்று சொல்லும் குருக்களாகிய நாங்கள் இதை அறிந்தல்லவா சொல்லவேண்டும்!

"கோவிலே இல்லையென்று சொல்லிவிட்டதே"

இங்கே கத்தோலிக்கர்களுக்கே உரிய இரண்டு சாக்குகளைக் கேட்டிருக்கிறேன்.

முதல் சாக்கு: "நீதிமன்றம் எங்களைப் பிரித்துவிட்டது, இனி அவள் யாரோ, நான் யாரோ." இப்படிச் சொல்பவர் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறவராயின் அவரிடம் ஒன்று கேட்கலாம். திருமுழுக்குப் பெற்ற இருவரின் முறையான, நிறைவுபெற்ற திருமணத்தை நாட்டின் நீதிமன்றம் அவிழ்க்க இயலாது என்று நம் திருச்சபை கற்பிப்பதை அவர் ஏற்கிறாரா? ஏற்கிறாரெனில், கடவுள் திருமுன் அவர் இன்னும் கணவரே. கணவனின் கடமையும் அப்படியே இருக்கிறது. ஏற்கவில்லையெனில், நாட்டுச் சட்டத்தின் தீர்ப்பு முழுவதையும் ஏற்கட்டும்; பிரித்த அதே நீதிமன்றம்தானே கொடுக்கவும் சொன்னது? பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு பங்கை விட்டுவிடுவதற்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

இரண்டாம் சாக்கு இதனினும் நுட்பமானது: "மறைமாவட்டத் தீர்ப்பாயமே எங்கள் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இல்லாத திருமணத்திற்கு ஏது ஜீவனாம்சம்?" இதற்குத் திருச்சபைச் சட்டமே விடை வைத்திருக்கிறது. செல்லாது எனத் தீர்ப்பெழுதும்போது, அத்தரப்பினர் ஒருவருக்கொருவரும் தம் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டிய பராமரிப்பு, கல்வி ஆகிய கடமைகளை அத்தீர்ப்பிலேயே அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்கிறது சட்டம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1689ஆம் எண்ணில் இருந்த இவ்விதி, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் செய்த திருத்தத்திற்குப் பின் 1691ஆம் எண்ணில் உள்ளது. முறையானதெனக் கருதப்பட்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137ஆம் எண்ணும், பிள்ளைகளை வளர்ப்பது பெற்றோரின் மிகக் கனமான கடமை என்று 1136ஆம் எண்ணும் கூறுகின்றன. மேலும், தீர்ப்பாயத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்படி திருமணத்தைக் கலைப்பதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

திருமணக் கட்டு நிலைத்திருக்கிறது என்று கொண்டாலும் கடமை இருக்கிறது. கட்டு என்றுமே இருந்ததில்லை என்று கொண்டாலும் கடமை இருக்கிறது. ஏனெனில் பிள்ளை கட்டிலிருந்து பிறக்கவில்லை, பெற்றோரிடமிருந்து பிறந்தது. எந்தத் தீர்ப்பாயமும் ஒரு தந்தையைத் தந்தையல்லாதவன் ஆக்குவதில்லை. மனைவியின் பங்குக்கோ வேறொரு வேரும் உண்டு. அவள் சமைத்த சோறும் துவைத்த துணியும் விழித்த இரவுகளும் அவள் பெயரில் எந்த வங்கிக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் அவனுடைய சம்பளத்தில் அவை இருந்தன. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்த்தவளிடம், பத்தாண்டுகளுக்குப் பிறகு, "நீயே சம்பாதித்துக்கொள்" என்று சொல்வது, கூட்டாக உழுத வயலின் விளைச்சலை ஒருவரே வீட்டுக்குக் கொண்டுபோவது போன்றது.

கொர்பானும் பேகனும்

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி மறுப்பவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அங்கே பேசப்படுவது பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமை. பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியதற்கும் அதே நெறி பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? தன் வீட்டாரைப் பேணாதவன் நம்பிக்கையற்றவனைவிடக் கேடானவன் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் கடுமையாகவே கூறுகிறது. பிறருக்குத் திருப்பித் தரவேண்டிய பொருளைக் கொண்டு தருமம் செய்தல் ஆகாது என்பதும் புனித தாமஸின் போதனை. கடன் முதலில், காணிக்கை பின்னர்.

மறுநாள் அம்மனிதரின் வீட்டுக்குச் சென்றேன். "கோர்ட் விவகாரத்தை நான் கோர்ட்ல பாத்துக்கிறேன் சாமி. சாமிக்குக் கொடுத்தது சாமிக்கு" என்றார். தூய கொர்பான்! ஆனால் அவரைக் குறைகூற நான் யார்? கொர்பானை வாங்கிக் கைதட்ட வைத்தவன் நான். ஆண்டவர் கடிந்துகொண்டது காணிக்கை கொடுத்தவர்களை மட்டுமா? அப்படிக் கொடுக்கலாம் என்று கற்பித்து, பெற்றோருக்கு எதையும் செய்யவிடாமல் தடுத்த மறைநூல் அறிஞர்களையும் பரிசேயரையும் நோக்கித்தானே அவர் பேசினார்?

நம் தமிழ் மரபு இதில் நமக்கு முன்னரே வழிகாட்டியிருக்கிறது. பழனி மலைப்பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயிலுக்குக் குளிருமென்று தன் போர்வையை அளித்தவன். அவ்வளவு ஈரநெஞ்சினன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறிடத்தில் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் சென்று பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. அவர்கள் பரிசில் பெற்று வாழ்ந்த புலவர்கள். அவனோ அள்ளிக் கொடுப்பவன். எனினும் பரணர், பசியால் வந்தோமல்லோம், அவள் துயரை நீ களைவதே நாங்கள் இரக்கும் பரிசில் என்னும் பொருள்படப் பாடினார். அரிசில்கிழாரும் அவனுடைய அணிகலனும் செல்வமும் தமக்கு வேண்டா என்றார். வறுமையிலிருந்த புலவர்கள் பரிசிலை மறுத்து அப்பெண்ணின் பக்கம் நின்றார்கள். மயிலுக்குப் போர்வை தந்தவனுக்கு அவர்கள் புகழ்மாலை சூட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். குருவாகிய நான் செய்தது அதைத்தான். போர்வையையும் நானே போர்த்தினேன்.

ஆண்களின் வழக்கு

ஆண்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையென்று எழுதினால் அதுவும் அநீதி. வேலை இழந்து, கடனில் மூழ்கி, கொடுக்க வழியில்லாதவர்களை அறிவேன். அவர்கள் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். நிலை மாறினால் ஆணையும் மாற்றப்படலாம். நன்றாகச் சம்பாதிக்கும் பெண் அதை மறைத்துக் கேட்பதும் பொய்யே. பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும்போது இருவருமே தத்தம் வருமானத்திற்கேற்பப் பிள்ளையின் செலவைப் பகிரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. பங்கு என்னும் சொல் இருபுறமும் வெட்டும்.

அம்மனிதர் வேறொன்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. "நாலு வருசமா எம் பொண்ணை எங்கிட்டப் பேச விடல சாமி. முகத்தைக் காட்ட மாட்டா, காசு மட்டும் வேணுமா?"

அந்த வலி உண்மையானது. ஆனால் அதன் விடை பணத்தை நிறுத்துவதன்று. பிள்ளைக்கு உணவுக்கும் கல்விக்கும் உரிமை உண்டு. தந்தையின் முகத்தைக் காணவும் உரிமை உண்டு. இரண்டும் பிள்ளையின் உடைமைகள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கத் தாய்க்கோ தந்தைக்கோ அவை சொந்தமல்ல. பணம் வரவில்லையென்று முகத்தை மறைக்கும் தாயும், முகம் காட்டவில்லையென்று பணத்தை மறைக்கும் தந்தையும் ஒரே பிள்ளையிடமிருந்துதான் எடுக்கிறார்கள். பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பணயமாக வைக்கலாகாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'அன்பின் மகிழ்வு' மடலில் 2016இல் மன்றாடியது இதையே. மகளைக் காண நீதிமன்றத்தில் தனியே மனுச் செய்யலாம் என்று அவரிடம் சொன்னேன்; அம்மாவிடமும் சென்று பேசினேன். "எம் பொண்ணு கேட்டா நான் தடுக்க மாட்டேன் சாமி" என்றார் அவர். தடுக்காமலிருப்பதற்கும் அனுமதிப்பதற்கும் இடையே உள்ள தொலைவை நாங்கள் இருவருமே அறிந்திருந்தோம்.

இன்று நான் செய்வது

பங்குப் பேரவையில் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதுபற்றிப் பேச்செடுத்தேன். தச்சருக்குப் பணம் போய்விட்டது. காணிக்கையைத் திருப்பினால் புனிதருக்கு அவமரியாதை என்றார்கள். என்னால் அவர்களை இசைவிக்க முடியவில்லை. நிலுவையில் ஒரு பகுதியை அவர் இரண்டு தவணைகளில் கட்டியதாகப் பின்னர் அறிந்தேன். அடுத்த ஆண்டு எனக்கு இடமாற்றம் வந்தது.

அதன்பின் என் வழக்கங்கள் சில மாறின. கைவிடப்பட்ட பெண் வந்தால் செபத்தோடு முகவரி ஒன்றும் தருகிறேன்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மனுச் செய்வது மன்னிப்புக்கு மாறானதன்று என்று சொல்கிறேன். மன்னிப்பது அவருடைய காயத்தை; பிள்ளையின் பங்கை மன்னித்து விட்டுக்கொடுக்க அவருக்கே உரிமை இல்லை. குடும்ப உரிமைகளைக் காக்கவும் பிள்ளைகளைப் பேணவும் வேறு வழியில்லாதபோது நாட்டுச் சட்டத்தின் மணமுறிவையே பொறுத்துக்கொள்ளலாம் என்று நம் மறைக்கல்வி நூல் 2383ஆம் எண்ணில் கூறுகிறது. ஜீவனாம்ச மனு அதனினும் எளியது. திருமணத் தயாரிப்பு வகுப்பிலும் இதனை இளைஞர்களிடம் பேசுகிறேன். அமங்கலம் என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். பொறுத்துக்கொள்கிறேன்.

ஆகாரின் கதை பாலைநிலத்தோடு முடியவில்லை. தொடக்கநூலின் 25ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் இறக்கிறார். அவரை மக்பேலாக் குகையில் அடக்கம் செய்தவர்கள் இருவர்: ஈசாக்கு, இஸ்மயேல். ஒரு தோற்பைத் தண்ணீரோடு அனுப்பப்பட்டவன் தந்தையைப் புதைக்க வந்து நின்றான். என்ன நினைத்துக்கொண்டு நின்றான் என்று மறைநூல் சொல்லவில்லை. பிள்ளை பிள்ளையாகவே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. இதை வாசிக்கும் தந்தையருள் யாருக்கேனும் கொடாத நிலுவை இருக்குமாயின், தம் அடக்க நாளில் யார் யார் வந்து நிற்பார்கள் என்பதை இன்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தத் தேர் இன்றும் ஆண்டுதோறும் அவ்வூரில் வலம்வருகிறது. நன்கொடையாளர் பெயர்கள் பொறித்த பலகை அதன் பின்புறத்தில் உண்டு. ஒரு பெயர் அதில் விடுபட்டிருக்கிறது. அவளுக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கும். பலகையைத் திருத்த எனக்கு இனி அதிகாரமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.